அவர்கள் மட்டும் எப்படி உடைவார்கள்?

12 பிப்ரவரி, இரவு

ஒருவர் கேட்டது, அப்படியே (டிரெஸ்டன், இரண்டாம் உலகப் போரில் எரிந்த ஜெர்மன் ஊர்):

"அண்ணா, நாளைக்கு டிரெஸ்டன் குண்டுவீச்சு நினைவு நாள். ஒரே ராத்திரியில் ரெண்டு லட்சம் பேர் செத்தார்கள், ஹிரோஷிமாவைவிட அதிகம் என்று படித்தேன். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படி ஊர் ஊராக அடித்து மக்கள் மனதை உடைத்ததால்தானே அடுத்த மூன்று மாதத்தில் ஜெர்மனி சரணடைந்தது? போர் இன்னும் இரண்டு வருடம் இழுத்திருந்தால் இதைப்போலப் பல மடங்கு பேர் போயிருப்பார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான் என்று சொன்னால் தப்பா?"

13 பிப்ரவரி, காலை

லாபமா நஷ்டமா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ரெண்டு லட்சம்.

அது ஒரு பூஜ்யம் செய்த வேலை. 1945 மார்ச்சில் டிரெஸ்டன் போலீசார் எழுதிய அறிக்கையில், அதுவரை எடுத்த உடல்கள் 20,204 என்றும் மொத்தம் 25,000 வரை போகலாம் என்றும் இருந்தது. யாரோ கடைசியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்க்க, அது 2,02,040 ஆகிவிட்டது. நாஜிப் பிரச்சாரத்துக்கு அது தோதாக இருந்தது. போர் முடிந்தது, நாஜிகள் போனார்கள், அந்தப் பூஜ்யம் மட்டும் போகவில்லை. பல வருடம் புத்தகம் புத்தகமாக ஏறி உட்கார்ந்திருந்தது. டிரெஸ்டன் மாநகராட்சியே கடைசியில் வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்றை அமைத்தது. அடக்கம் செய்த பதிவுகள், காணாமல் போனோர் விவரம், இடிபாட்டில் தோண்டி எடுத்தவை என்று எல்லாவற்றையும் சலித்து, 2010இல் அவர்கள் சொன்ன முடிவு: அதிகபட்சம் 25,000.

இதைச் சொல்லி உன்னைக் குட்ட எனக்கு அருகதை கிடையாது. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் நானே மேடையேறி "இரண்டரை லட்சம் உயிர்கள்!" என்று முழங்கி இரண்டாம் பரிசு வாங்கியவன். முதல் பரிசு வாங்கியவன் எத்தனை லட்சம் சொன்னான் என்று நினைவில்லை.

இன்னொன்று. 25,000தான் என்று முதலில் படித்தபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது, "ப்பா, அவ்வளவுதானா" என்று. அந்த நிம்மதியை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

13 பிப்ரவரி, மாலை

"ஒரே ராத்திரி" என்பதும் பாதிதான் சரி. 13ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்கள் இரண்டு அலையாக வந்தன. நடுவில் ஏறக்குறைய மூன்று மணி நேர இடைவெளி. அந்த இடைவெளி தற்செயல் இல்லை. முதல் அலை போனதும் மக்கள் வெளியே வருவார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்து சேரும், அப்போது இரண்டாவது அலை. மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்கள். 15ஆம் தேதியும் ஒரு முறை. ஊரில் அன்று திருவிழாச் செவ்வாய், மறுநாள் சாம்பல் புதன். கிழக்கிலிருந்து ரஷ்யப் படைக்குப் பயந்து ஓடி வந்த அகதிகள் வேறு ரயில் நிலையம் முழுக்க.

17 பிப்ரவரி

உன் கேள்வியில் என்னை உறுத்துவது "மனதை உடைத்து" என்கிற சொல். மூன்று நாளாக அதையே மென்றுகொண்டிருக்கிறேன்.

1911 நவம்பர் 1ஆம் தேதி, லிபியாவில் இத்தாலிய லெப்டினென்ட் ஜூலியோ கவோட்டி விமானத்திலிருந்து கையாலேயே நான்கு கையெறிகுண்டுகளைப் போட்டார். விமானத்திலிருந்து போட்ட முதல் குண்டு என்று அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் அதே இத்தாலியிலிருந்து ஜூலியோ டூஹே என்ற தளபதி ஒரு கொள்கையே வகுத்துவிட்டார்: போர்க்களத்தைத் தாண்டிப் பறந்து போய் ஊர்களை அடி, மக்கள் பீதியில் தெருவுக்கு வந்து தங்கள் அரசாங்கத்தையே மண்டியிட வைப்பார்கள், போர் சில நாளில் முடிந்துவிடும். உன் வாதம்தான் தம்பி. நூறு வருடப் பழசு.

இதை நடத்திப் பார்த்த பெரிய இடங்களில் ஒன்று லண்டன். 1940 செப்டம்பர் 7இல் தொடங்கி 57 இரவுகள் விடாமல் குண்டு. அடுத்த மே மாதம் ஓய்வதற்குள் பிரிட்டன் முழுக்கச் சுமார் 43,000 பொதுமக்கள் செத்தார்கள். பீதி வந்ததா? வந்தது. மக்கள் காட்டிலும் ஆற்றங்கரையிலும் போய்ப் படுத்தார்கள், சுரங்க ரயில் நடைமேடையில் படுத்தார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள். காலையில் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

இனிமேல்தான் எனக்குத் தலை சுற்றும் இடம். பர்மிங்ஹாம், ஹல் என்ற இரண்டு ஊர்களில் குண்டுவீச்சு மக்களை என்ன செய்தது என்று பிரிட்டிஷ் அரசே ஆராய்ச்சி நடத்தியது. சாலி ஜுக்கர்மன், ஜே.டி. பெர்னல் என்ற விஞ்ஞானிகள் தலைமையில் வீடு வீடாகப் போனார்கள். பீதியில் ஊர் குலைந்ததற்கு அடையாளமே இல்லை என்பது அவர்கள் கண்டது. அதே ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு, சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு 1942 மார்ச் 30ஆம் தேதி ஒரு குறிப்பு எழுதுகிறார்: ஜெர்மனியின் பெரிய நகரங்களில் வீடுகளை இடித்து மக்களை வீடில்லாதவர்களாக்கினால் அவர்கள் மனம் உடைந்துவிடும். ஆதாரம் என்ன? ஹல் மக்கள், வீடு இடிந்ததற்கு மிகவும் வருத்தப்பட்டார்களாம்.

ஹல்காரன் உடையவில்லை. ஆனால் ஹாம்பர்க்காரன் உடைவான். எப்படி? அவன் ஜெர்மன்காரன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

17 பிப்ரவரி, இன்னும் கொஞ்சம்

விட்டுப்போனது. மனதைக் குறிவைத்ததற்கு இன்னொரு கேவலமான காரணமும் உண்டு. வேறு எதையும் குறிவைக்க அவர்களால் முடியவில்லை. 1941 ஆகஸ்டில் பட் என்ற அதிகாரி, விமானங்கள் எடுத்த புகைப்படங்களை வைத்துக் கணக்குப் போட்டார். இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று திரும்பி வந்து சொன்னவர்களிலேயே மூன்றில் ஒருவர்தான் இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் போயிருந்தார். இருட்டில், மேகத்தில், கீழே இருட்டடிப்பு செய்த நாட்டில் ஒரு தொழிற்சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? தொழிற்சாலை தெரியாது, ஊர் தெரியும். அப்படியானால் ஊரே இலக்கு. 1942 பிப்ரவரி 14ஆம் தேதி வந்த உத்தரவு, எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாக ஆலைத் தொழிலாளர்களின், மன உறுதிதான் இனி இலக்கு என்று வெளிப்படையாகவே சொன்னது. டிரெஸ்டனுக்கு மூன்று வருடம் முன்பு, ஒரு நாள் குறைய.

18 பிப்ரவரி

இல்லை, ஹல் என்பது ஆள் பெயர் இல்லை. ஊர். இங்கிலாந்தின் கிழக்குக் கரைத் துறைமுகம்.

25 பிப்ரவரி

தீப்புயல் என்றால் என்ன, பெரிய தீ என்று அர்த்தமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை, அது வேறு மிருகம்.

வரிசையைப் பாருங்கள். முதலில் வெடிகுண்டுகள். பெரிய உருளைகள், மெல்லிய தகடு, உள்ளே முழுக்க வெடிமருந்து. அவற்றின் வேலை கட்டடத்தை இடிப்பதைவிட, கூரை ஓடுகளைப் பறக்கவிட்டு ஜன்னல்களை உடைப்பது, தெருவில் தண்ணீர்க் குழாயை அறுப்பது, இடிபாடு விழுந்து வண்டி போக முடியாமல் செய்வது. அடுத்தது எரிகுண்டுகள், குச்சி குச்சியாக, லட்சக்கணக்கில். ஓடு இல்லாத கூரை வழியாக விழுந்து மச்சில் பற்றிக்கொள்ளும். ஜன்னல் இல்லாத வீட்டுக்குள் காற்று தாராளமாக வரும். அரை மணி நேரத்தில் தனித்தனித் தீயெல்லாம் கைகோத்து ஒரே தீயாகும். சூடான காற்று நேரே மேலே போக, கீழே சுற்றிலும் இருக்கும் காற்றைத் தெருத்தெருவாக உள்ளே உறிஞ்சும். மரத்தை வேரோடு சாய்க்கும் சூறைக்காற்று, தீயை நோக்கி. ஓடுகிறவரைப் பின்னாலிருந்து தள்ளாது, தீக்குள் இழுக்கும்.

ஹாம்பர்க்கில் 1943 ஜூலை 27 நள்ளிரவை ஒட்டி இது நடந்தது. வெயில் காலம், பல நாளாக மழை இல்லை, தீயணைப்புப் படை பெரும்பாலும் முந்திய குண்டுவீச்சின் தீயோடு ஊரின் மேற்குப் பக்கத்தில். விழுந்தது கிழக்குப் பக்கம், ஹாமர்ப்ரூக், ஹாம் போன்ற நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளில். நிலவறைக்குள் போய் உட்கார்ந்தவர்களில் பலரைத் தீ தொடவே இல்லை. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு தூங்க வைத்துவிட்டது, உட்கார்ந்தபடியே. சொன்னபடி நிலவறைக்குப் போனவர்கள் செத்து, சொன்னதைக் கேட்காமல் வெளியே ஓடி வாய்க்காலில் குதித்தவர்களில் சிலர் பிழைத்தார்கள். ஊரில் மொத்தம் 45,000 பேர் செத்திருப்பார்கள், ஒன்பது லட்சம் பேர் ஊரைவிட்டுப் போனார்கள்.

போன ஒன்பது லட்சத்தில் கணிசமான பகுதி சில மாதங்களில் திரும்பி வந்து அதே ஊரில் மறுபடி வேலைக்குப் போனது. உடைந்துபோவது என்றால் இதுதானா?

3 மார்ச்

இதை எழுதலாமா என்று ரொம்ப நாளாகத் தயக்கம். என் அப்பத்தா ரங்கூனில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அந்தக் காலத்து ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தெருவில் தமிழும் தெலுங்கும் இந்தியும்தான், பர்மிய மொழி அப்புறம்தான்.

1941 டிசம்பர் 23, காலை. ஜப்பான் விமானங்கள் வந்தன. சங்கு ஊதியது. ஆனால் யாரும் ஒளியவில்லை, ஏனென்றால் அதற்கு முன் யாரும் குண்டு விழுந்து பார்த்ததில்லை. எல்லோரும் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளியாகப் பளபளக்க வரிசை கட்டி வந்ததாம், "கொக்குக் கூட்டம் மாதிரி" என்பார் அப்பத்தா. குழந்தைகள் எண்ணினார்கள். அவர் இருபத்தேழு வரை எண்ணியிருக்கிறார். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

எனக்குத் தெரிந்து அவர் இந்தக் கதையை அதற்கு மேல் சொன்னதில்லை. இருபத்தேழோடு நிறுத்திவிட்டு எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

4 மார்ச்

அத்தை போனில் பிடித்துக்கொண்டார். "கண்டதை எழுதாதே, அம்மா எண்ணினது கிறிஸ்துமஸ் அன்னிக்கு." அதாவது 25ஆம் தேதி, இரண்டாவது தடவை. முதல் நாள் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்களாம். அண்ணாந்து பார்த்துச் செத்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். இரண்டு நாள் கழித்து அதே வானத்தை அப்பத்தா எதற்கு எண்ணிக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைதானே" என்றார் அத்தை.

யார் சொல்வது சரி என்று இனிக் கேட்க ஆள் இல்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன்.

10 மார்ச்

இன்று டோக்கியோ. 1945 மார்ச் 9 இரவு தொடங்கி 10 விடிவதற்குள்.

டிரெஸ்டனைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், இதைப் பற்றி நூறு பேர் பேசினால் அதிகம். நீ சொன்ன "ஹிரோஷிமாவைவிட" என்ற ஒப்பீட்டை ஏதாவது ஒரு ஊருக்கு வைக்கலாம் என்றால் இதற்குத்தான் வைக்க வேண்டும், அதுவும் முதல் நாள் சாவை மட்டும் எடுத்துக்கொண்டால். 279 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள், 41 சதுர கிலோமீட்டர், செத்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டி. வீடிழந்தவர்கள் பத்து லட்சம்.

உயரத்தில் பறந்தால் காற்று அடித்துப் போகிறது, குறி தப்புகிறது என்று தளபதி கர்ட்டிஸ் லெமே இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கே இறக்கிவிட்டார். எடை குறைக்க விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றச் சொன்னார். சுமந்து போனது நேபாம் (ஒட்டிக்கொண்டு எரியும் பெட்ரோல் பசை) அடைத்த எரிகுண்டு, எம்-69. அது ஜப்பானிய வீட்டில் எப்படி எரியும் என்று முன்கூட்டியே தெரியும். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் டக்வே என்ற சோதனைத் திடலில், 1943இல் ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பை அப்படியே கட்டி எரித்துப் பார்த்திருந்தார்கள். ஜப்பானில் பல வருடம் வேலை செய்த கட்டடக் கலைஞர் ஒருவரையே வரைபடம் போட வைத்தார்கள். தரையில் தத்தாமி பாய்கூட அசல். எரிய எரிய மறுபடி கட்டி மறுபடி எரித்தார்கள். பக்கத்திலேயே ஒரு ஜெர்மன் குடியிருப்பும் இருந்தது, உள்ளே மேஜை நாற்காலி தொட்டில் உட்பட.

விபத்தாகப் பொதுமக்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் அந்தத் தொட்டிலை நினைத்துக்கொள்கிறேன்.

ஜப்பான் அரசின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. குண்டு விழுந்தால் ஓடக் கூடாது, நின்று அணைக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. வாளியில் தண்ணீரும் ஈரத் துணி கட்டிய துடைப்பமும் வைத்து அக்கம்பக்கக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நேபாமுக்கு எதிரே ஈரத் துடைப்பம். மக்கள் கொஞ்ச நேரம் நின்று அணைத்துப் பார்த்தார்கள், அந்தக் கொஞ்ச நேரம்தான் போனது. பிறகு சுமிதா ஆற்றுப் பாலங்களுக்கு ஓடினார்கள். கொத்தோதோய் பாலத்தில் இரண்டு கரையிலிருந்தும் வந்த கூட்டம் நடுவில் முட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றது.

கடைசியாக, நம்பவே மாட்டீர்கள். 1964இல் ஜப்பான் அரசு, தன் புதிய விமானப் படையை அமைக்க உதவியதற்காக ஓர் அமெரிக்கத் தளபதிக்கு உயர்ந்த விருது ஒன்றைக் கொடுத்தது. அவர் பெயர் கர்ட்டிஸ் லெமே.

21 மார்ச்

"ஆரம்பித்தது யார் என்பதை மட்டும் ஏன் மழுப்புகிறீர்கள்?" என்று கோபமாக ஒருவர். மழுப்பவில்லை, வரிசையில் வரவில்லை.

ஜெர்மனியும் ஜப்பானும் இத்தாலியும்தான் முந்திக்கொண்டன. 1937 ஏப்ரல் 26, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் கெர்னிகா, சந்தை நாள். 1938 மார்ச்சில் பார்சலோனா. 1939 மே மாதம் சீனாவின் சோங்சிங்கில் இரண்டே நாளில் நாலாயிரத்துக்கு மேல். வார்சா. ராட்டர்டாம். கோவென்ட்ரி. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால் பூஜ்யப் பேய் இங்கேயும் உலவுகிறது. 1940 மே 14இல் ராட்டர்டாமில் 30,000 பேர் செத்தார்கள் என்று அப்போது உலகம் முழுக்கச் செய்தி போனது. உண்மையில் எண்ணூறு, தொள்ளாயிரம். கெர்னிகாவில் பாஸ்க் அரசு சொன்னது 1,654. இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் முன்னூறுக்குள் சொல்கிறார்கள். உள்நாட்டுப் போரில் ஜெர்மனியைத் துணைக்கு அழைத்த பிராங்கோ தரப்போ, குண்டே போடவில்லை, பாஸ்க் மக்களே தங்கள் ஊரைக் கொளுத்திக்கொண்டார்கள் என்றது. செத்தவன் கட்சி பெருக்குகிறது, கொன்றவன் கட்சி கழிக்கிறது. டிரெஸ்டனில்தான் கொஞ்சம் விசித்திரம், கொன்று பழகிய கட்சியே செத்தவன் கட்சியாகிப் பெருக்கியது.

இதைவிட ஒரு கூத்து, பிரைபர்க். 1940 மே 10ஆம் தேதி பிரான்சுக்குப் போன ஜெர்மன் விமானங்கள் வழி தவறித் தங்கள் சொந்த ஊரான பிரைபர்க்கிலேயே குண்டு போட்டுவிட்டன. 57 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. எதிரிதான் போட்டான் என்று ஜெர்மனி அறிவித்தது. பழிவாங்கலுக்குக் காரணமாகவும் காட்டியது.

ஆரம்பித்தவன் யார் என்பது தீர்ந்தது. ஹாமர்ப்ரூக் நிலவறையில் உட்கார்ந்திருந்த பெண் ஆரம்பித்தவளா என்பது தீரவில்லை.

24 மார்ச்

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எழுதியது, அனுமதியோடு:

"தம்பி, நீங்கள் நிலவறை, சங்கு எண்டு புத்தகத்தில இருக்கிற மாதிரி எழுதுறியள். எங்களுக்கு அது பங்கர். பொம்பர் சத்தம் கேட்டதும் என்ன பிளேன் எண்டு நாலு வயசுப் பிள்ளை சொல்லும். சகடை எண்டால் கொஞ்ச நேரம் இருக்கு, கிபிர் எண்டால் சத்தம் வர முதலே குண்டு வந்திடும். வாயைத் திறந்து, காதைப் பொத்தி, குப்புறப் படுக்கோணும். கோயிலுக்க போனால் அடிக்க மாட்டான் எண்டு நினைச்சுத்தான் 95இல நவாலித் தேவாலயத்துக்குச் சனம் போனது. மனம் உடைஞ்சுதா எண்டு கேக்கிறியள். எங்களுக்கு உடைய நேரம் எங்க இருந்தது? பொம்பர் போனாப் பிறகு அடுப்பு மூட்டோணும்."

1995 ஜூலை 9, நவாலி புனித பீட்டர் தேவாலயம். நூற்றுக்கும் மேற்பட்டோர். நான் ஹல் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

2 ஏப்ரல்

பிப்ரவரி 17இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். சுறுசுறுப்பாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. குண்டுவீச்சால் ஒன்றுமே ஆகவில்லை என்ற தொனி. அது சரியில்லை.

போருக்குப் பிறகு அமெரிக்கா ஒரு பெரிய மதிப்பாய்வு நடத்தியது. ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1944 நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டே போனது என்பது அதில் வந்தது. மக்கள் சோர்ந்தார்கள், வெறுத்தார்கள், ஆனாலும் வேலை செய்தார்கள் என்பதும் வந்தது. ஆனால் எண்ணெய் ஆலைகளையும் ரயில் பாதைகளையும் அடித்தபோது நிலைமை வேறு. பெட்ரோல் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன, நிலக்கரி ஊர் போய்ச் சேரவில்லை. ஊர்களைக் காக்க ஆயிரக்கணக்கான பீரங்கிகளை வானத்தை நோக்கித் திருப்ப வேண்டியிருந்தது. அவை ரஷ்ய முனையில் இல்லை. ஆக, வானிலிருந்து அடித்ததற்குப் பலன் உண்டு. ஊரை எரித்ததற்கு என்ன பலன் என்பதுதான் தனிக் கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "போர் சீக்கிரம் முடிந்தது" என்று நீ சொன்னாய், அதையே நான் மறுபக்கத்திலிருந்து கட்டினேன்.

டிரெஸ்டனைப் பற்றி இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடாதது. விக்டர் க்ளெம்பரர் என்ற யூதப் பேராசிரியர் அங்கே மிச்சமிருந்த ஒரு சிலரில் ஒருவர். பிப்ரவரி 13ஆம் தேதி பகலில் அவர் செய்த வேலை, மற்ற யூதர்களுக்கு நாடுகடத்தல் உத்தரவுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. அன்றிரவு குண்டு விழுந்தது. ஊர் எரிந்த குழப்பத்தில் யூதர் என்று காட்டச் சட்டையில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு மனைவியோடு தப்பினார், போர் முடியும்வரை உயிரோடும் இருந்தார். அந்த இரவு இல்லாவிட்டால் அவர் இல்லை. இதை எந்தப் பக்கம் கூட்டுவது, எந்தப் பக்கம் கழிப்பது?

குண்டு போடப் போனவர்களையும் சேர்த்துக்கொள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், செத்தவர்கள் 55,573. பத்துக்கு நாலு பேருக்கு மேல். லண்டனில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் வைக்க 2012 வரை ஆனது. அவர்களை அனுப்பிய சர்ச்சிலோ, 1945 மார்ச் 28இல் ஒரு குறிப்பு எழுதினார்: வேறு சாக்குகள் சொல்லி, பயமுறுத்துவதற்காகவே ஜெர்மன் ஊர்களை அடிப்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று. தளபதிகள் கொதித்தார்கள். சர்ச்சில் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பதமான சொற்களில் வேறு தாள் எழுதிக் கொடுத்தார். இரண்டு தாளும் இன்று இருக்கின்றன.

19 மே

இன்று வேறு கதை. ஜெர்மனியில் வேலை பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருவில் வந்தது. கட்டுமான வேலைக்குத் தோண்டிய குழியில் பழைய குண்டு, எல்லோரும் வெளியேறுங்கள். எனக்குப் பதற்றம். மற்றவர்களுக்கு அலுப்பு. பள்ளி விளையாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள், சீட்டு விளையாடினார்கள். அங்கே இது மாதாமாதம் ஏதாவது ஓர் ஊரில் நடப்பதுதான். 2017இல் பிராங்க்பர்ட்டில் 1.8 டன் பிரிட்டிஷ் குண்டு ஒன்றுக்காக அறுபதாயிரம் பேருக்கு மேல் காலிசெய்தார்கள்.

என் மாடிவீட்டுப் பாட்டி மட்டும் சீட்டாட்டத்தில் சேரவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தார். இந்தக் கூடத்துக்குக் கீழே நிலவறை உண்டா என்று அலுவலரிடம் கேட்டார். உண்டு, வேண்டுமா என்றார் அவர். "வேண்டாம், அதற்குத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

அந்தக் குண்டுகளில் ஒரு வகைக்கு நேரம் தாழ்த்தி வெடிக்கும் திரி. உள்ளே கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன். விழும்போது குப்பி உடைந்து, அசிட்டோன் சொட்டுச் சொட்டாக ஒரு செல்லுலாய்டு வில்லையைக் கரைக்கும். கரைந்து முடிந்தால் ஊசி அடிக்கும். சில மணி நேரம், சில நாள். அதாவது மீட்க வருகிறவர்கள் வந்து சேர்ந்த பிறகு. சில குண்டுகள் தலைகீழாக நின்றுவிட்டதால் அசிட்டோன் வேறு பக்கம் வடிந்துவிட்டது. ஆனால் செல்லுலாய்டு தானாகவே வயதாகி நொறுங்குகிறது. ஒரானியன்பர்க் என்ற ஊரில் இன்னும் அதைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

20 மே

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்ட வக்கீல் நண்பருக்குச் சுருக்கமாக. 1907 ஹேக் விதி, பாதுகாப்பில்லாத ஊர்களை எந்த வழியிலும் தாக்கக் கூடாது என்றது. வான்போருக்கென்று 1923இல் ஹேக்கில் விதிகள் எழுதினார்கள், எந்த நாடும் ஏற்கவில்லை. போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நூரெம்பர்க் நீதிமன்றத்தில் ஊர் மீது குண்டு போட்டதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தண்டித்தால் நீதிபதியின் நாட்டையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு முழு ஊரையே ஒற்றை ராணுவ இலக்காக வைத்து அடிப்பதைத் தடுக்கும் வாசகம் 1977இல்தான் வந்தது. இதற்கிடையே 1963இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டு போட்டது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம். வழக்குப் போட்டவர்கள் உயிர் பிழைத்த ஐந்து பேர். இழப்பீடு கிடையாது என்பதும் அதே தீர்ப்பில்தான்.

9 ஜூன்

முதலில் கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "சரி அண்ணா, எண்ணிக்கை தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் சரியான எண்ணிக்கையை எப்படித்தான் எடுப்பது?"

பெத்னல் கிரீனை எடுத்துக்கொள். 1943 மார்ச் 3, லண்டன். சங்கு ஊதியது, மக்கள் சுரங்க ரயில் படிக்கட்டில் இறங்கினார்கள். பக்கத்துப் பூங்காவில் பிரிட்டிஷ் படையே புதுவகை ராக்கெட்டைச் சுட, அந்த ஓசையைக் குண்டு என்று நினைத்துக் கூட்டம் முண்டியது. ஈரப் படியில் ஒரு பெண் விழுந்தார். 173 பேர் நசுங்கிச் செத்தார்கள், அதில் 62 பேர் குழந்தைகள். அன்று அந்தப் பகுதியில் ஒரு குண்டுகூட விழவில்லை. இப்போது அங்கே தலைகீழ்ப் படிக்கட்டு வடிவத்தில் நினைவுச் சின்னம் நிற்கிறது, 173 பெயர்களோடு. நீயானால் சேர்ப்பாயா? நான் சேர்ப்பேன்.

ரங்கூனையும் எடுத்துக்கொள். குண்டு விழுந்து செத்தவர்களை ஏதோ எண்ணினார்கள். அதற்குப் பிறகு ஊரைவிட்டு லட்சக்கணக்கில் இந்தியர்கள் நடந்தார்கள், சிலர் தவுங்கப் கணவாய் வழியாக அரக்கானுக்கு, சிலர் தமு வழியாக மணிப்பூருக்கு. காலரா, மலேரியா, பட்டினி. வழியில் செத்தவர்கள் பல்லாயிரம், கணக்கில் வராதவர்கள் அதில் அதிகம்.

அப்பத்தாவோடு நடந்தவர்கள் ஐந்து பேர், வந்து சேர்ந்தவர்கள் நான்கு. வராமல் போனது அப்பத்தாவின் தம்பி. அத்தையிடம் அவன் பெயரைக் கேட்டேன். கைக்குழந்தை, வீட்டில் "சின்னவன்" என்று கூப்பிட்டார்கள், வேறு பெயர் வைத்தார்களா தெரியாது என்றார். எந்த இடம் என்று கேட்டேன். மலை ஏறும்போது என்று மட்டும் சொன்னார்.

11 ஜூன்

திருத்தம். பிப்ரவரி 25இல் ஹாம்பர்க்குக்கு நான் போட்ட 45,000 பழைய கணக்கு. இன்று பெரும்பாலும் 34,000இலிருந்து 37,000 வரை சொல்கிறார்கள். அடுத்தவனுடைய பூஜ்யத்தைப் பிடிக்கக் கிளம்பி நானே பத்தாயிரம் பேரைச் சேர்த்திருக்கிறேன். மேலே மாற்றவில்லை, அப்படியே கிடக்கட்டும்.